பூட்டி வைக்கவா கொடுத்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

ஒரு குடும்பம் ஊருக்குக் கொடுத்த பழைய வீட்டை நினைவிடமாகக் காப்பதா, மக்கள் புழக்கத்துக்கு விடுவதா என்பது தலைப்பு. புழக்கத்துக்கு விடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். முன்னால் பேசிய நண்பர், நாலு பேர் நடந்தால் தரை தேயும், வரலாறு அழியும் என்று கவலைப்பட்டார். குடும்பம் இருந்த காலத்தில் அந்த வீட்டில் எல்லோரும் பறந்தா போனார்கள்?

அலகாபாத்தைப் பாருங்கள். மோதிலால் நேரு வாங்கி, ஆனந்த பவன் என்று பெயர் வைத்த பழைய மாளிகை. இந்திரா காந்தி பிறந்தது அங்கேதான். 1930இல் மோதிலால் அதை நாட்டுக்குக் கொடுத்தார். சுயராஜ்ய பவன் ஆயிற்று. உடனே கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' பலகை மாட்டினார்களா? இல்லை. காங்கிரஸ் அலுவலகம் உள்ளே வந்தது. போராட்டத்தில் அடிபட்டு வந்தவர்களுக்காக மோதிலாலின் மருமகள் கமலா நேரு அங்கேயே சில அறைகளில் மருந்தகம் நடத்தினார். அவர் மறைந்த பிறகு அந்தப் பணி வளர்ந்து, 1941இல் காந்தியடிகள் திறந்து வைத்த மருத்துவமனையானது. அறைகளைப் பூட்டியிருந்தால் இந்த வரலாறு எங்கிருந்து வந்திருக்கும்?

எதிரணி இப்போதே குறிப்பெடுக்கிறது, தெரிகிறது. பக்கத்திலேயே பிற்பாடு கட்டி, அதே பெயர் வைத்த புதிய ஆனந்த பவனை 1970இல் இந்திரா காந்தி கொடுத்தாரே, அது அருங்காட்சியகம்தானே என்பார்கள். ஆமாம், நல்ல அருங்காட்சியகம். ஆனால் நேரு உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்க நாடெங்கும் இருந்து ஆள் வரும். நாம் பேசுவது பெரும்பாலும் ஒரு வக்கீல் வீடு, ஒரு வியாபாரி வீடு. அவர் நாற்காலியை அவர் பேரனே இரண்டாம் முறை பார்க்க வரமாட்டான்!

சிகாகோவில் சார்லஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய வீடு. அவருக்குப் பின் அது உறவினர் ஹெலன் கல்வர் கைக்கு வந்தது. அங்கே 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் ஸ்டாரும் ஒரு சமூக மையத்தைத் தொடங்கினார்கள். கல்வர் பின்னர் வாடகையே வாங்கவில்லை. குடியேறிய ஏழைகளுக்கு மழலையர் பள்ளி, மாலை வகுப்பு, பொதுச் சமையலறை என்று வளர்ந்து, பல கட்டடங்கள் ஆயிற்று. 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. இடித்தது புல்டோசர், நண்பரே, மாலை வகுப்புக்கு வந்த பெண்களின் காலடி அல்ல. மூல வீடு இன்றும் நிற்கிறது.

சரி, செலவுக்கு என்ன வழி? நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1937இல் பெரிய வீடுகளைக் கொடையாக ஏற்கும் திட்டம் கொண்டுவந்தபோது, பராமரிப்புக்கான மூலதனத்தையும் சேர்த்துத்தான் கேட்டது. நாமும் கேட்கலாம். சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது பாதிக் கொடை. அப்புறம் நூலகம், மாலைப் பள்ளி, மருத்துவ முகாம் என்று ஆள் வந்து போனால்தான் பணம் கொடுக்கவும் ஆள் வரும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அறையில் குடும்பத்தின் படங்களும் கடிதங்களும் இருக்கட்டும். மாடியில் எத்தனை பேர் ஏறலாம் என்று பொறியாளர் சொல்லட்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைக்காதீர்கள்.

எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்: பூட்டிய வீட்டில் கூரை ஒழுகினால், உத்தரத்தில் கரையான் ஏறினால், அதை முதலில் பார்ப்பது யார்?

நன்றி, வணக்கம்.