32 ரூபாயும் ஒரு கிலோ உளுந்தும்

எல்லாருக்கும் வணக்கம். மைக் பின்னாடி வரைக்கும் கேக்குதா? கடைசி வரிசையில இருக்கிற அண்ணன் தலையை ஆட்டுறாரு, சரி.

மேடையில வீற்றிருக்கிற தலைவர் ஐயா அவர்களே, எவ்வளவோ வேலைக்கு நடுவுல நம்ம விருதுநகர் வாசகர் வட்டத்துக்காக வந்திருக்கிற வட்ட வழங்கல் அலுவலர் அம்மா அவர்களே, பந்தலும் நாற்காலியும் ஏற்பாடு பண்ணிக் கொடுத்த பருப்பு மில் அண்ணாச்சி அவர்களே (அண்ணாச்சி பேரைச் சொல்லாம விட்டா அடுத்த வருஷம் வெயில்லதான் நின்னு பேசணும்), ரெண்டு தடவை போன் பண்ணி "வந்துருவீங்கல்ல"ன்னு கேட்ட பள்ளித் தாளாளர் அவர்களே, மகளிர் குழு அக்கா தங்கச்சிங்களே, சுண்டல் உண்டுன்னு கேள்விப்பட்டு முன்வரிசையைப் பிடிச்சிருக்கிற சின்னப் பசங்களே, எல்லாருக்கும் என் வணக்கம். யார் பேராவது விட்டுப் போயிருந்தா செயலாளரைக் கேளுங்க, சீட்டு எழுதினது அவருதான்.

இன்னிக்கு அக்டோபர் 16, உலக உணவு தினம். மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு, இந்த நாட்டுல ஏழையோட சாப்பாட்டுக்கு யாரு எப்படி விலை போட்டாங்க. ரெண்டு, நம்ம வட்டத்துல ஒரு வாரம் ஆளுக்கு நாளைக்கு 50 ரூபாயில சாப்பிட்டுப் பாத்தோமே, அதுல என்ன நடந்துச்சு. மூணு, வீட்டுப் பொம்பளைங்க ஏன் எப்பவும் கடைசிப் பந்தியிலயே உக்காருறாங்க.

எங்க ஆச்சி ஒரு சொலவடை சொல்லும். உண்டவன் பாய் தேடுவான், உண்ணாதவன் இலை தேடுவான். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாம இறங்க மாட்டேன்னு தலைவர் ஐயா இப்பவே சிரிக்கிறாரு, சிரிங்க ஐயா, இன்னும் ரெண்டு மூணு தடவை வரும்.

1963ல லோக்சபாவுல சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா எந்திரிச்சு நின்னு இந்த நாட்டுல 27 கோடிப் பேரு ஒரு நாளைக்கு மூணு அணாவுல (பதினாறு அணா ஒரு ரூபா) வாழுறாங்கன்னாரு. பிரதமர் நேரு இல்ல, பதினஞ்சு அணான்னாரு. திட்ட அமைச்சர் நந்தா ஏழரை அணான்னாரு. மூணு பேரும் படிச்சவங்க, மூணு பேரும் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவங்க, ஆனா ஒரே நாட்டு ஏழைக்கு ஒரே சபையில மூணு கணக்கு. அதுக்கும் முன்னாடி, வெள்ளைக்காரன் காலத்துல, காங்கிரஸ் தலைவர் தாதாபாய் நௌரோஜி, ஜெயில்ல கைதிக்கு என்ன போடுறாங்களோ அந்தச் சாப்பாட்டோட விலையை வச்சு, இது கூட நம்ம ஜனங்களுக்குக் கிடைக்கலையேன்னு வெள்ளைக்காரனைக் கேட்டாரு. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் கைதட்டுவேன்.

அப்புறம் வந்துச்சு நம்ம காலத்துக் கூத்து. 2011 செப்டம்பர்ல திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்ல பிரமாணப் பத்திரம் போடுது, நகரத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 32 ரூபா, கிராமத்துல 26 ரூபா செலவு பண்ண முடிஞ்சா அவன் ஏழை இல்லையாம். சாப்பாட்டுக்கு மட்டும் இல்லைங்க, துணிமணி, மருந்து மாத்திரை, பஸ் சார்ஜ், பிள்ளை நோட்டு எல்லாம் அதுக்குள்ள. 2013ல ஒரு எம்பி மும்பையில 12 ரூபாய்க்கு வயிறு நிறைய சாப்பிடலாம்னாரு, இன்னொருத்தர் டெல்லியில 5 ரூபா போதும்னாரு. உண்டவன் பாய் தேடுவான், வேற என்ன சொல்ல.

அந்த 32 ரூபாயை வாழ்ந்தே பாத்துருவோம்னு 2011ல பெங்களூருல இருந்த ரெண்டு பசங்க இறங்கினாங்க. நல்லாப் படிச்ச பசங்க. முதல்ல நாளைக்கு 100 ரூபாயில இருந்து பாத்துட்டு, அப்புறம் கேரளாவுல கருகச்சால்ங்கிற கிராமத்துக்குப் போயி, கிராமத்துக் கணக்கான 26 ரூபாயில இருந்தாங்க. புழுங்கலரிசி, கிழங்கு, வாழைப்பழம், கட்டன் சாயா, அவ்வளவுதான் ஓடிச்சு. அமெரிக்காவுல 2012 டிசம்பர்ல நெவார்க் நகர மேயர் கோரி புக்கர், அரசாங்கம் ஏழைக்குக் கொடுக்கிற உணவு உதவிப் பணம் எவ்வளவோ அந்த அளவுலயே ஒரு வாரம் சாப்பிட்டாரு. காபி இல்லாம தலைவலி, அடுப்புல வச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு கருகிப் போச்சு, வேற வாங்கக் காசு இல்ல. மேயரா இருந்தா என்ன, கருகினா கருகினதுதான்.

சரி, நம்ம கதைக்கு வாரேன். எங்க வட்டத்துல ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர் இருக்காரு, பேர் சொல்ல மாட்டேன், மூணாவது வரிசையில வெள்ளைச் சட்டை, இப்ப குனிஞ்சுக்கிட்டாரு. 50 ரூபா சவாலுக்கு முதல் கை தூக்கினது அவருதான். மொத நாள் காலையில தெருமுக்குக் கடைக்குப் போயி பத்து ரூபாய்க்கு எண்ணெய் குடுங்கன்னு கேட்டிருக்காரு. கடைக்காரர் ஒரு நிமிஷம் இவர் முகத்தையே பாத்துட்டு, சின்ன பாலித்தீன் பையில ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்திருக்காரு. இவரு கணக்கு வாத்தியார் இல்லியா, வீட்டுக்கு வந்து அளந்து லிட்டருக்கு என்ன ஆகுதுன்னு போட்டுப் பாத்தா, லிட்டர் பாக்கெட் வாங்குறவனை விட இவரு கூடக் குடுத்திருக்காரு. புளி அப்படி, சீரகம் அப்படி, காபித்தூள் அப்படி. காசு கம்மியா வச்சிருக்கிறவன்தான் எல்லாத்தையும் கூட விலைக்கு வாங்குறான்னு அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் போட்டுக் கத்துறாரு, ஏதோ நான்தான் விலை வச்ச மாதிரி.

ரெண்டாம் நாள் சார் உஷாராயிட்டாரு. சந்தை முடியிற நேரமாப் பாத்து ராத்திரி போயிருக்காரு, அப்பதானே தக்காளி கூறு கட்டித் தள்ளி விடுவாங்க. அங்க காய் விக்கிற அம்மா இவர்கிட்டயே பிள்ளையைப் படிக்க வச்சவங்க. இவரு அடிபட்ட தக்காளியைக் கிண்டிக் கிண்டிப் பொறுக்குறதைப் பாத்துட்டு, மெதுவாப் பக்கத்துல வந்து, "என்ன சார், பென்சன் நின்னு போச்சா?"ன்னு கேட்டுருச்சு. சார் வெலவெலத்துப் போயி, "இல்லம்மா, ஏழைங்க எப்படிச் சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்காக நாங்க ஒரு வாரம்..."னு இழுக்க, அந்தம்மா சொல்லுது, "அதுக்கு எங்க வீட்டுக்கே வந்திருக்கலாமே சார், செலவில்லாம காட்டிருப்பேன்ல!"

சிரிக்கிறீங்க, கதை இன்னும் முடியல. மறுநாள் தெரு முழுக்க சேதி பரவிருச்சு. சிவகாசியில இருந்து சாரோட தங்கச்சி மருமகளுக்குப் போன் போட்டு, எங்கண்ணனுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டியாடின்னு ஏறி விழ, அந்தப் பொண்ணு அழ, பையன் வந்து அப்பா இந்த வட்டமும் வேணாம் சதுரமும் வேணாம்னு சொல்ல, பக்கத்து வீட்ல இருந்து ஒரு தூக்குல மீன் குழம்பு வந்துருச்சு. ஓசிச் சாப்பாடு கூடாதுன்னு எங்க விதி. சார் அதைச் சாப்பிட்டாரா இல்லையாங்கிறது அவருக்கும் அந்தத் தூக்குவாளிக்கும்தான் தெரியும்.

இதெல்லாம் விளையாட்டுன்னு சிலபேரு சொல்றாங்க, வாரம் முடிஞ்சா மறுநாள் பிரியாணி சாப்பிடப் போறவனுக்கு என்ன தெரியும்னு. வாஸ்தவம்தான். வாடகை பாக்கியும் கந்துவட்டியும் இல்லாத பட்டினி பட்டினியே இல்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுது, எல்லார் நோட்டுலயும் ஒண்ணு போல எழுதியிருந்துச்சு. சோத்துக்குப் பஞ்சம் வரல. 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசி விலையில்லாம வருது, அது இல்லைன்னா இந்த 50 ரூபா மொத நாளே மூச்சை விட்டுருக்கும். பஞ்சம் வந்தது பருப்புக்கு. சாம்பார் தண்ணியாகி, அப்புறம் ரசமாகி, கடைசியில மோர் மிளகாயும் கஞ்சியும். வயிறு ரொம்புது, ஆனா சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு சார் எழுதியிருக்காரு.

அதனாலதான் நான் எங்க சுத்தினாலும் ரேஷன் உளுந்துல வந்து நிக்கிறேன், வழங்கல் அலுவலர் அம்மா சிரிக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியும். 2007ல சிறப்பு பொது விநியோகத் திட்டம் வந்தப்ப துவரம்பருப்பு, பாமாயிலோட உளுத்தம்பருப்பும் ரேஷன்ல போட்டாங்க. அப்புறம் உளுந்து நின்னு போச்சு. இப்ப கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்குது, வேணாம்னு சொல்லல, ஆனா அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல அது எத்தனை நாளைக்கு? உளுந்து எங்க கரிசல் காட்டுல மானாவாரியா விளையிறது. வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊத்தி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த ஊருய்யா இது, தொலி உளுந்துல சோறு பொங்கி எள்ளுத் துவையல் வச்சுச் சாப்பிட்ட ஊரு. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. உளுந்து மட்டும் அதைத் தீத்துரும்னு நான் சொல்ல வரல, டாக்டருங்க யாராவது இருந்தா சண்டைக்கு வராதீங்க. ஆனா வெறும் சோத்தைத் தின்னு ரத்தம் ஊறுமா? கேக்குற விலைக்கு உளுந்தை வித்துட்டு வெறுங்கையோட வர்ற நம்ம சம்சாரிகிட்டயே அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கி, கார்டுக்கு ஒரு கிலோ கொடுத்தா விளைவிக்கிறவனும் பிழைப்பான், திங்குறவனும் தெம்பா இருப்பான்.

1956ல பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட ஏற்பாடு பண்ணினவரு இதே விருதுநகர்ல பிறந்தவரு. காமராஜர் பிறந்த ஊர்ல, பருப்புச் சந்தைக்குப் பேர் போன ஊர்ல, ஒரு கிலோ உளுந்துக்கு நாம மனு எழுத வேண்டியிருக்கு. உண்ணாதவன் இலை தேடுறான், அவ்வளவுதான் விஷயம், இலையில என்ன வைக்கிறதுன்னு முடிவு பண்றவங்க பாயைச் சுருட்டி வச்சுட்டுக் கொஞ்சம் எந்திரிச்சு வரணும்.

செயலாளர் வாட்ச்சைத் தட்டிக் காட்டுறாரு. பெண்கள் கடைசிப் பந்தி விஷயத்தை இன்னொரு கூட்டத்துக்கு வச்சுக்குவோம், அதைப் பேச மகளிர் குழு அக்காதான் என்னை விடப் பொருத்தமான ஆளு.

போகும்போது ஒரு வேலை இருக்கு. வாசல்ல நீல விரிப்புப் போட்ட மேசையில மனு வச்சிருக்கோம், பேர், தெரு, கையெழுத்து, அவ்வளவுதான், ரேஷன் கார்டு நம்பர் எதுவும் எழுத வேணாம். அலுவலர் அம்மா அரசாங்க ஊழியர், அவங்களை யாரும் கையெழுத்து கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க, மனுவை வாங்கிட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம். சுண்டல் அந்த மேசைக்குப் பக்கத்துலதான் இருக்கு, பசங்களா வரிசையில வாங்க, தள்ளிக்கிட்டு வராதீங்க. அண்ணாச்சி, மைக் பிடிங்க.