பீனிக்ஸ்: பறவைக் கதை வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் காந்தி அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பைப் பற்றிப் பேசும் எவரும் சாம்பலிலிருந்து எழுந்த பறவையில்தான் ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு அந்தப் பறவையை விட்டுவிடுவோம். அது காந்தி வைத்த பெயரே இல்லை. டர்பனிலிருந்து 14 மைல் தள்ளி பீனிக்ஸ் என்றொரு ரயில் நிலையம் ஏற்கெனவே இருந்தது. அங்கிருந்து இரண்டரை மைல் போனால் அவர் வாங்கிய நிலம். வெறும் ஊர்ப்பெயர்தான்.

1904. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு அப்போது 24 மணி நேர ரயில் பயணம். வழியில் படிக்க நண்பர் போலாக் ஒரு புத்தகம் கொடுத்தார், ரஸ்கின் எழுதியது. எல்லோருடைய உழைப்புக்கும் ஒரே மதிப்பு, உடலுழைப்பு வாழ்வே நல்ல வாழ்வு என்று சொல்லும் புத்தகம். படித்து முடித்த காந்தி அன்றிரவு தூங்கவில்லை. நம்மில் பலருக்கும் புத்தகம் படித்துத் தூக்கம் போயிருக்கும். காலையில் நிலம் வாங்கக் கிளம்பியிருக்க மாட்டோம்! முதலில் 20 ஏக்கர், பிறகு பக்கத்து 80 ஏக்கர், எல்லாம் சேர்த்து 1000 பவுன். ஓர் ஊற்று, சில ஆரஞ்சு மரங்கள், மாமரங்கள், நிறையப் பாம்புகள். டர்பன் வணிகரான நண்பர் பார்சி ருஸ்தம்ஜி பழைய தகரங்களைக் கொடுத்தார். போயர் போரில் காந்தியோடு வேலை செய்த தச்சர்களும் கொத்தர்களும் வந்தார்கள். 75 அடிக்கு 50 அடியில் அச்சகக் கொட்டகை ஒரு மாதத்துக்குள் எழும்பிவிட்டது.

காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை அதன் பிறகு அங்கேதான் அச்சானது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கிய பத்திரிகை. தமிழ், இந்திப் பகுதிகள் 1906இல் நின்றுபோனது வேறு கதை. பீனிக்ஸில் அச்சான முதல் இதழின் இரவைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் எஞ்சின் மக்கர் செய்தது. 'எஞ்சினை மட்டும் நம்பாதீர்கள்' என்று கையால் சுற்றும் சக்கரம் ஒன்றையும் காந்தி முன்பே போட்டு வைத்திருந்தார். ஆனால் சுற்றுவதற்கு ஆள் போதவில்லை. தச்சர்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டு அச்சகத்திலேயே படுத்திருந்தார்கள். அவர்களை எழுப்ப, அச்சகத்தைக் கவனித்துவந்த ஆங்கிலேய நண்பர் வெஸ்டுக்கு மனம் வரவில்லை. காந்தி போய்க் கேட்டார், அவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். வெஸ்ட் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்ற, காலை ஏழு மணிவரை வேலை நடந்தது. அப்புறம் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால், சொல்லிவைத்தாற்போல் ஓடியது.

தோல் நிறம் பார்க்காமல் ஆளுக்கு மாதம் 3 பவுன் என்றுதான் திட்டம். அங்கே அதிக நாள் இருக்க முடியாமல் போனவர் காந்திதான். ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் பிடித்துவைத்துக்கொண்டது.

1913 செப்டம்பரில், இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை எதிர்த்த சத்தியாகிரகத்தில், கஸ்தூர்பா உட்பட 16 பேர் இங்கிருந்து கிளம்பி, அனுமதியில்லாமல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையைத் தாண்டிச் சிறைக்குப் போனார்கள். அந்தப் பட்டியலில் குப்புசாமி மூன்லைட் முதலியார் என்றொரு பெயர் வருகிறது. நிலவையும் முதலியாரையும் இப்படி ஒன்றாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே போராட்டத்துக்கு, ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியின் இன்னொரு குடியிருப்பாக இருந்த டால்ஸ்டாய் பண்ணைப் பக்கமிருந்து கிளம்பிய 11 பெண்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் தமிழர்கள்.

1914இல் காந்தி புறப்பட்டுவிட்டார். மகன் மணிலால் 1920 முதல் 1956இல் இறக்கும்வரை பத்திரிகையை நடத்தினார். அவர் மனைவி சுசீலா 1961வரை இழுத்துப் பிடித்தார். பள்ளியும் மருத்துவமனையும் நடந்தன.

சரி, 1985க்கு வருவோம். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் விக்டோரியா எம்சென்கே என்ற வழக்கறிஞர் டர்பனில் கொல்லப்பட்டார். நிறவெறி அரசை எதிர்த்தவர். அதையொட்டி ஊரெங்கும் கலவரம், அது பீனிக்ஸ் குடியிருப்பு இருக்கும் இனாண்டா பகுதிக்கும் பரவியது. பீனிக்ஸ் குடியிருப்பைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். காந்தியின் 'சர்வோதயா' வீடும் போயிற்று.

'கறுப்பர்கள் காந்தியை எரித்தார்கள்' என்று நம் ஆட்கள் இதை ஒரே வரியில் முடிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இனாண்டாவில் பல இடங்களில் நிலமும் கடையும் இந்தியர் கையில் இருந்தன. ஆப்பிரிக்கர்கள் அதில் குடிசை போட்டு வாடகை கொடுத்தார்கள். இன்ன நிறத்தவர் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தது அரசு. காய்ந்த புல்லை யார் குவித்தது என்று கேட்காமல் தீக்குச்சியை மட்டும் தேடுவது நியாயமா?

எரிந்த பிறகு அந்த நிலத்தில் வீடற்றவர்கள் குடியேறினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அவர்களுக்குள்ளேயே ரத்தக்களரி. 2000 பிப்ரவரி 27இல்தான், மறுபடி கட்டிய குடியிருப்பை அதிபர் தாபோ எம்பெக்கி திறந்துவைத்தார். ஆக, இன்று நீங்கள் போய்ப் பார்க்கும் 'சர்வோதயா' காந்தி வாழ்ந்த வீடு அல்ல, அந்த அச்சில் கட்டிய புது வீடு. கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். அச்சடித்து வெளியூர்களுக்கு அனுப்பிய பத்திரிகை மட்டும் பல நூலகங்களில் பிழைத்துக் கிடக்கிறது.

வீட்டைத் திரும்பக் கட்டுவதைவிடக் கடினம், அக்கம்பக்கத்தைத் திரும்பப் பெறுவது. காந்தி நிலம் வாங்கியபோது அருகிலேயே ஜான் டூபே தன் ஓலாங்கே பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். 1994இல் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட அந்தப் பள்ளிக்குத்தான் போனார். இப்போது ஓலாங்கேயும் பீனிக்ஸும் ஒரே இனாண்டா பாரம்பரியப் பாதையில் வருகின்றன. பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

காந்தியின் பழைய நிலத்தில் குடியேறியவர்களின் ஊருக்கு இன்று பம்பாயி என்று பெயர். நம் பம்பாய்தான் மருவிப் பம்பாயி ஆனது என்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஜூலு மொழி பேசும் மக்கள்.