ஆவணப் பைக்குள் இன்னொரு தாள்

வணக்கம் நேயர்களே.

கூகுளின் இணையச் சேவைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தவர் திருக்கடலூரைச் சேர்ந்த ஓர் அம்மா. அவரில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் திருகோணமலை நகரத்துக்குள் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறவன். ஒருநாள் பின்னேரம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த நேரம், அந்த அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தயங்கியபடி நின்றார். ஒரு கையில் புதுப் போன். மற்றக் கையில் சொப்பிங் பையில் சுற்றிய பழைய போன்.

"தம்பி, இது தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. இதுக்குள்ள இருந்த அவற்ற படங்களைப் புதுசுக்கு மாத்தித் தருவீங்களோ?"

'அவர்' என்றது அவருடைய கணவரை. கடற்றொழில் செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

பழைய போனுக்கு உயிர் வரவில்லை. ஆனாலும் போனில் எடுக்கும் படங்களை இணையத்தில் சேமித்து வைக்கிற கூகுள் போட்டோசில் அவை ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில், "அம்மா, உங்கட ஜிமெயில் என்ன?" என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டும் என்னட்ட இல்லை தம்பி" என்றார். இருந்திருக்கத்தான் வேண்டும். அன்ட்ராய்ட் போனில் கூகுள் கணக்கு இல்லாமல் பிளே ஸ்டோருக்குள் போக முடியாது. அவரோ நாலு வருடமாக அந்தப் போனில் சுவிஸில் இருக்கும் மகளோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறார். விசாரித்துப் பார்த்ததில் வந்த பதில் இதுதான்: "அதெல்லாம் போன் வாங்கின கடைப் பொடியன்தான் தட்டித் தந்தவன்."

நேயர்களே, இந்த ஒரு வசனத்தை நான் கிண்ணியாவிலும் கேட்டிருக்கிறேன், மூதூரிலும் கேட்டிருக்கிறேன், தம்பலகாமத்திலிருந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேட்டிருக்கிறேன். போன் வாங்கும்போது கடையில் ஒரு தம்பி அவசரத்தில் ஒரு கணக்கைத் திறக்கிறான். வாங்குபவரின் பெயர், அதற்குப் பின்னால் மனதில் வந்த இலக்கங்கள். கடவுச்சொல், எல்லோருக்கும் போடுகிற அதே கடவுச்சொல். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் கேட்டால், கடை இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வரிசையில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். ஆனால் வீட்டை வாங்கியவர் நீங்கள், திறப்பு மட்டும் கடைக்காரனிடம். அதுதான் உண்மை நிலைமை.

அந்த அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அவருடைய கலியாண அல்பம் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போய்விட்டது. கடற்கரையோரம் இருந்த எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். ஆழிப்பேரலைக்குப் பிறகு, செத்தவரின் ஒரு படமாவது இருக்கிறதா என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும். தேசிய அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் கணவரின் முகம் மிஞ்சியிருந்தது அந்தப் போனுக்குள் மட்டும்தான். இது இரண்டாவது தடவை.

அதே 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதிதான் கூகுள், ஜிமெயிலை அறிவித்தது. ஒரு ஜீபி, அதாவது ஏறத்தாழ ஆயிரம் எம்பி இடம் இலவசம் என்றார்கள். அக்காலத்தில் ஹொட்மெயில் கொடுத்தது 2 எம்பி, யாஹூ கொடுத்தது 4 எம்பி. முட்டாள்கள் தினத்தில் சொன்ன கதை என்றே பலர் நினைத்தார்கள். கதை உண்மையாகத்தான் இருந்தது. தேடுபொறி நடத்திய ஒரு நிறுவனம், உங்கள் பொருட்களை வைக்க இடமும் தருகிறோம் என்று சொன்னது அன்றைக்குத்தான். அந்த இடத்தில்தான் இன்று நமது கடிதங்களும் படங்களும் தொடர்பு இலக்கங்களும் கிடக்கின்றன.

இந்தச் சேவைகளால் நமக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2011ஆம் ஆண்டு கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. 2017 ஓகஸ்டில் தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி வந்தது. தட்டச்சுத் தெரியாத ஒரு பெரியவர், போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசித் தன் பேரனுக்குத் தமிழில் கடிதம் அனுப்பியதைப் பார்த்து நான் கண் கலங்கியிருக்கிறேன். நமது மொழிக்கு இந்த வசதிகள் வந்தது பெரிய காரியம்.

ஆனால் அந்த நிறுவனத்தின் இன்னொரு குணத்தையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது திறப்பது போலவே மூடவும் செய்யும். பதிவுகளைத் திரட்டிப் படிக்கத் தமிழ் வலைப்பதிவர்கள் விரும்பிப் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் நின்றது. ஓர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டெம்பர் 30இல் நின்றது. ஊர்ப் படங்களை வரைபடத்தில் ஏற்றி வைத்த பனோராமியோவும், படங்களை அடுக்கி வைத்த பிக்காசாவும் 2016இல் போயின. கூகுள் பிளஸ் என்ற இன்னொரு சமூக வலைத்தளம் 2019 ஏப்ரலில் போனது.

நமது நாட்டுக்கே வருவதாக இருந்து வராமல் போன ஒன்றும் உண்டு. 2015 ஜூலையில் இலங்கை அரசு கூகுளோடு ஓர் உடன்படிக்கை செய்தது. வானத்தில் மிக உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டு, அவற்றிலிருந்து தரைக்கு இணையம் தருகிற 'லூன்' என்ற திட்டம். 2016 பெப்ரவரியில் முதல் பலூன் இலங்கை வான்பரப்புக்குள் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. குச்சவெளிப் பக்கம் சிக்னல் கிடைக்காமல் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று பேசுகிற பிள்ளைகளுக்கு இனி விடிவு என்று நானும் வகுப்பில் சொன்னேன். அந்தச் சேவை நம்மவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. 2021 ஜனவரியில், கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட், அந்தத் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தது. இதைச் செலவுக் கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். வியாபார நிறுவனம் அப்படித்தான் செய்யும். நமது பொருளை அங்கே வைக்கும்போது அந்தக் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

அமெரிக்காவில் கூகுள் மீது நடக்கும் வழக்குகளைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி, இணையத் தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்திருக்கிறது என்று வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்டெம்பரில், குரோம் உலாவியை விற்கத் தேவையில்லை, ஆனால் சில தரவுகளைப் போட்டியாளர்களோடு பகிர வேண்டும் என்றார். இதற்கு மேல் நான் அதற்குள் போகவில்லை. திருக்கடலூர் அம்மாவின் படங்களை எந்தத் தீர்ப்பும் எடுத்துத் தராது.

நமக்கு உடனடியாகத் தெரிய வேண்டியவை இரண்டு.

முதலாவது, இடம். 2021 ஜூன் 1ஆம் திகதி வரை கூகுள் போட்டோசில் ஓரளவு தரத்தில் எத்தனை படமும் ஏற்றலாம். அன்றோடு அது முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜீபிதான் இலவசம். அன்ட்ராய்ட் போனின் வட்ஸ்அப் சேமிப்பும் 2024இலிருந்து இந்த 15க்குள் வந்துவிட்டது. கோயில் திருவிழா, பிறந்தநாள், காலை வணக்கக் காணொளிகள் எல்லாம் சேர்ந்தால் இந்த இடம் கெதியில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு புதுப் படம் எதுவும் ஏறாது. போனில் ஒரு சின்ன அறிவித்தல் வரும், அது ஆங்கிலத்தில் இருந்தால் நாம் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். படங்கள் ஏறுகின்றன என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, காலம். 2023 மே மாதம் கூகுள் ஒரு புது விதியை அறிவித்தது. இரண்டு வருடம் யாரும் உள்ளே வராத தனிப்பட்ட கணக்கையும், அதற்குள் இருக்கும் கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்பது அது. 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. அழிக்க முன்னம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்புவார்கள். எங்கே அனுப்புவார்கள்? அதே ஜிமெயிலுக்கும், மீட்புக்குக் கொடுத்த மின்னஞ்சலுக்கும். முகவரியே தெரியாதவருக்கு அந்தக் கடிதம் எப்படிக் கிடைக்கும்? அந்த அம்மாவின் கணக்கு எங்கேயோ ஒரு பூட்டிய வீடாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்குள் திறக்க வேண்டும். அவருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப அழியாமல் இருக்குதா தம்பி, இன்னும் உள்ளதான் இருக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

செத்துப்போனவர்களின் கணக்கும் இதற்குள் வரும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள், நீண்டநாள் பயன்படுத்தாத கணக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற ஓர் இடம் இருக்கிறது. 2013இலிருந்து இருக்கிறது. மூன்று மாதமோ, ஆறு மாதமோ, ஒரு வருடமோ, ஒன்றரை வருடமோ தான் உள்ளே வராவிட்டால், படங்களை இன்னாருக்குக் கொடு என்று பத்துப் பேர் வரைக்கும் பெயர் போடலாம். அப்பா அம்மாவோடு அடுத்த முறை பேசும்போது, பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள். காணியை எழுதி வைப்பது பற்றிப் பேசுகிறோம், இதையும் பேசலாம்.

இனி அந்த ஆவணப் பை. 2006இல் போரினால் சம்பூர், மூதூர் கிழக்குச் சனங்கள் வீடு வாசலை விட்டு ஓடியபோது, உடுத்த உடுப்போடு கையில் எடுத்தது ஒரு பைதான். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ். பொலித்தீனுக்குள் சுற்றிக் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும். இந்த மாவட்டத்தில் அந்தப் பை இல்லாத வீடு அப்போது இல்லை, இப்போதும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குள் இன்னொரு தாள் சேர வேண்டும். உங்கள் ஜிமெயில் முகவரி, கடவுச்சொல், மீட்புக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கம். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் கூகுள் தருகிற எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் எழுதி வையுங்கள், போன் தொலைந்த அன்றைக்கு அவைதான் கைகொடுக்கும். எழுதி வைப்பது ஆபத்து என்று சிலர் சொல்வார்கள். அலுவலகத்து மேசையில் ஒட்டி வைப்பதுதான் ஆபத்து. காணி உறுதியோடு பத்திரமாக இருக்கும் தாளுக்கு நான் பயப்படமாட்டேன்.

மீட்பு இலக்கம் உங்களுடையதாகவோ, உங்கள் பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். மலிவாக டேட்டா கிடைக்கிறது என்று சிம்மை மாற்றுகிறவர்கள், பழையதை எறிய முன்னம் கணக்கில் இலக்கத்தை மாற்றுங்கள். பாவிக்காமல் விட்ட இலக்கம் கொஞ்சக் காலத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடும். பணம் தந்தால் கணக்கைத் திறந்து தருவோம் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அப்படி எவரோடும் தான் வேலை செய்வதில்லை என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

படங்களுக்கு ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும். கணக்கில் உள்ள அனைத்தையும் ஒன்றாகக் கட்டி இறக்கித் தருகிற டேக்அவுட் என்ற வசதியைக் கூகுள் 2011இலிருந்தே வைத்திருக்கிறது. இறக்கி ஒரு பென் டிரைவில் போடுங்கள், அதை வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். அலை வந்த ஊர்க்காரர் நாம். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்கக் கூடாது.

திருக்கடலூர் அம்மாவின் விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கடை மூடிவிட்டது. பொடியனின் வீட்டைத் தேடிப் பிடித்தோம். அவன் கட்டாரில் வேலையில் இருந்தான். தாய் எடுத்துத் தந்த இலக்கத்தில் பேசினேன். மிக நல்ல பிள்ளை. கடையின் பழைய சிம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கட்டாரிலும் அதற்குக் காசு போட்டு வைத்திருக்கிறேன் என்றான். கூகுள் மீட்புப் பக்கத்தில் அவன் இலக்கத்தையும் அம்மாவின் பெயரையும் கொடுத்து முகவரியைக் கண்டுபிடித்தோம். பழக்கமான இடத்திலிருந்து முயன்றால் நல்லது என்பதால், அம்மாவின் வீட்டில் இருந்துதான் செய்தோம். ஆறு இலக்கக் குறியீடு அவனுக்குப் போனது. அவன் ஒவ்வொன்றாக வாசித்தான், அம்மா திருப்பிச் சொன்னார், நான் தட்டினேன். இந்த இடத்தில் ஒன்று. இது நாங்களாகத் தேடிப்போய்க் கேட்ட குறியீடு. உங்களைத் தேடி அழைப்பெடுத்துக் குறியீடு கேட்பவர் எவருக்கும் ஓர் இலக்கமும் சொல்லாதீர்கள்.

கணக்குத் திறந்தது. படங்கள் இருந்தன. ஆனால் 15 ஜீபி நிறைந்து, கணவர் காலமாவதற்கு ஏழெட்டு மாதம் முன்னமே ஏறுவது நின்றிருந்தது. கடைசி மாதங்களின் படம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தவை இல்லை. அம்மா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுகள் இல்லாட்டிப் பரவாயில்லை" என்றார்.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனவர் ஒரு படத்தில் நின்றார். கரையில் வள்ளத்தின் நிழலில் இருந்து கணவர் வலை பொத்துகிறார். முகத்தைப் பாதி மறுபக்கம் திருப்பியிருக்கிறார்.

"படம் எடுக்கிறதெண்டால் அவருக்குப் பிடிக்காது தம்பி. இதைக் கடுதாசியில அடிச்சுத் தரலாமோ?"

அன்று பின்னேரமே பிரதான வீதிக்குப் போய் அடித்தோம். மூன்று பிரதி. ஒன்று சுவருக்கு, ஒன்று சுவிஸுக்கு, ஒன்று பைக்குள்.

வணக்கம்.