காசில்லாததால் பிழைத்த ஊர்

நண்பர்களே, ஜெர்மனியில் பழைய ஊர் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ரோத்தன்பர்க் போகச் சொல்வார்கள். அழகான ஊர்தான். ஆனால் அதன் கிழக்குப் பகுதி 1945 குண்டுவீச்சில் எரிந்து, மறுபடி பழைய சாயலில் கட்டப்பட்டது. நான் இன்று பேசப்போவது ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், பழைய கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் குவெட்லின்பர்க் பற்றி. அங்கே 1,300க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் நிஜமாகவே பழையவை.

இந்த வீடுகளில் சுவர் பாரம் தாங்குவதில்லை. தாங்குவதெல்லாம் மரத் தூணும் உத்தரமும் குறுக்குச் சட்டமும்தான். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் கழுந்து, இரண்டையும் இறுக்க ஒரு மர முளை. இடைவெளியில் மெல்லிய குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிவிடுவார்கள். சில வீடுகளில் செங்கல். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், உத்தரங்களில் ரோமன் எண்கள் உளியால் கீறியிருக்கும். தச்சர்கள் சட்டம் முழுவதையும் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றிக் கொண்டுபோய் மனையில் நிறுத்துவார்கள். அந்த எண்தான் இது.

வோர்ட்காஸே என்ற சந்தில் 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று நிற்கிறது. அதன் தூண்கள் தரையிலிருந்து கூரைவரை ஒரே மரம். பிற்காலத்தில் நீள மரத்தை நம்பாமல் மாடிக்கு மாடி தனிச் சட்டமாகக் கட்டினார்கள். அப்புறம்தான் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டும் வசதி வந்தது. அந்தப் பழைய வீட்டில் 1965 வரை ஆள் குடியிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? இப்போது அது அருங்காட்சியகம்.

சரி, இத்தனையும் எப்படித் தப்பியது? ரசனையால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. 1960களில் கிழக்கு ஜெர்மன் அரசு பழைய நகரத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டது, இடிக்கவே காசில்லை. பழுதுபார்க்கவும் காசில்லாததால் பல வீடுகள் நனைந்து உளுத்தன, சில தெருக்கள் போயே போயின. ஜெர்மனி இணைந்த பிறகு பணம் வந்தது. 1994இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் ஊர் ஏறியது.

அரண்மனைக் குன்றையும் அதன்மேல் உள்ள தேவாலயத்தையும் யாரும் தவறவிட மாட்டீர்கள். ஜெர்மன் அரசர் முதலாம் ஹென்றியை 936இல் புதைத்த இடம் அது. அவர் மனைவி மட்டில்டா அங்கே ஒரு பெண்கள் மடத்துக்கு வித்திட்டார். அதன் தலைவிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதிகாரம் செலுத்தினார்கள்.

நான் வற்புறுத்துவது எதிரே இருக்கும் சின்னக் குன்றை, ம்யூன்ட்ஸன்பெர்க்கை. அங்கும் ஒரு கன்னிமாடம் இருந்தது. 1525 விவசாயிகள் கலகத்துக்குப் பின் அது வெறிச்சோடிப் போக, வீடில்லாத ஏழைகள் ஏறிக் குடியேறினார்கள்.  பழைய தேவாலயத்தின் சுவர்களுக்கு உள்ளேயும் மேலேயும் தங்கள் குட்டி வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். இன்றும் அந்த வீடுகளின் நிலவறைக்குள் இறங்கினால் பழைய தேவாலயத்தின் கற்சுவரும் தூணும் கைக்கு எட்டும்.