ரிசல்ட் வரும்வரை மனசை என்ன செய்வது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குரூப் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் முடிவுக்குக் காத்திருப்பவர்கள், பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரி என்று தெரியாமல் இருப்பவர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற சந்தேகத்தோடு வேலைக்குப் போய்வருகிறவர்கள், இவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். கிடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டால்கூட மனசு ஒருவழியாக அடுத்ததைப் பார்க்கத் தொடங்கும். தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

அதைத் தாங்க முடியாமல் நாம் செய்கிற காரியங்களே பதற்றத்தை வளர்க்கின்றன. தேர்வாணைய இணையதளத்தை அரைமணிக்கு ஒருதரம் திறப்பது, கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று டெலிகிராம் குழுக்களில் துழாவுவது, "எனக்குக் கிடைச்சிடும்லம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது. ஒவ்வொரு முறையும் சில நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்குப் பழகிய மனசு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும். ஆகவே இதை முதலில் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தால் பலருக்கு இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. இந்த வாரம் காலை, மதியம், மாலை மூன்று வேளை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் மாலையில் ஒருவேளை. நடுவில் கை பரபரக்கும். போனைத் தொடாமல் இருந்தால் அந்தப் பரபரப்பு ஏறி, பிறகு தானாகவே இறங்கும்.

அடுத்தது, கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. 1983-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி. மாலை ஆறு மணி வசதி. படுக்கும் நேரத்தை ஒட்டி வேண்டாம், படுக்கையில் உட்கார்ந்து வேண்டவே வேண்டாம். கட்டிலைப் பார்த்தாலே கவலை வரும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பகலில் கவலை தலைதூக்கினால் ஒரே வரியில் குறித்துவிட்டு, "ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். நினைக்கவே கூடாது என்று அடக்கப் பார்க்கிறார்கள். அடக்க அடக்க அது மேலே வரும். தள்ளிப்போட்டால் போதும்.

ஆறு மணிக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடதுபக்கம், ஏதாவது செய்யக்கூடிய கவலைகள். "முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வாங்கலையே" என்றால், நாளை எத்தனை மணிக்கு இ-சேவை மையம் போவது என்பதை நேரே எழுதுங்கள். வலதுபக்கம், "எல்லாரும் செட்டில் ஆகி நான் மட்டும் நின்னுட்டா?" போன்றவை. இவற்றுக்கு இன்று விடை கிடையாது. என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தேதியோடு எழுதி, ஒரு மாதம் கழித்துச் சரிபாருங்கள். தீராத பதற்றம் உள்ள 29 பேரை இப்படி எழுதவைத்த ஆய்வு 2020-ல் வந்தது. அவர்கள் பயந்தவற்றில் நூற்றுக்கு 91 நடக்கவில்லை. எழுதாமல் மனசுக்குள்ளேயே செய்தால் இது பலிக்காது. நடக்காமல் போனதை மனசு கணக்கில் வைப்பதில்லை.

நெஞ்சு படபடத்தால் மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பலமாக இழுக்க வேண்டாம். ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரக்கும், பயம் கூடும். மதியம் மூன்று மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்னப்பா ஆச்சு?" என்று தினமும் கேட்காதீர்கள். தகவல் வந்தால் பிள்ளையே சொல்லும்.

பெரும்பாலான நாட்களில் கவலை, தூக்கக் குறைவு, உடல் இறுக்கம் என்று ஆறு மாதம் நீடித்தால் அது பொதுப் பதற்ற நோயாக இருக்கலாம். படிப்போ வேலையோ கெடத் தொடங்கினால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை சில வாரங்களிலேயே விடமுடியாத பழக்கமாகலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். 14416, இது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.