கோடெக்ஸ் மனெஸ்ஸே: படத்தோடு நிற்காமல் பக்கத்தையும் படிக்கலாம்

[திரை: ஒரு மேட்டின் மேல் கால் மேல் கால் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் மனிதர். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இடைக்கால ஜெர்மன் கவிதை என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் படங்களில் இது ஒன்று. இவர் கவிஞர் வால்தர் ஃபொன் டேர் ஃபோகல்வைட. படம் இருப்பது ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில், கோடெக்ஸ் மனெஸ்ஸே என்ற சுவடியின் 124-ஆம் ஏட்டில், முன்பக்கம். படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்கிறார்கள். ஏட்டைத் திருப்பி, பின்னால் எழுதியிருப்பது என்ன என்று பார்ப்பவர்கள் குறைவு. நாம் இன்று ஏட்டைத் திருப்பப் போகிறோம்.

[திரை: சுவடியின் அளவு, மனிதக் கையோடு ஒப்பிட்டு.]

முதலில் அடிப்படைத் தகவல். மொத்தம் 426 ஏடுகள், எல்லாம் பார்ச்மென்ட், அதாவது பதப்படுத்திய விலங்குத் தோல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். 140 கவிஞர்களின் பாடல்கள். முழுப்பக்க வண்ணப் படங்கள் 137. கோடு மட்டும் போட்டு, வண்ணம் தீட்டாமல் விட்ட படம் இன்னொன்று. சூரிக் நகரில் சுமார் 1300-இல் வேலை தொடங்கி, 1340 வாக்கில் நின்றிருக்கிறது.

ஆனால் பாடல்கள் அந்தக் காலத்தவை மட்டுமல்ல. மிகப் பழையவை 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. பாட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 150 வருடம் வரை இடைவெளி. வால்தர் இறந்து ஏறக்குறைய 70 வருடம் கழித்துத்தான் இந்தச் சுவடியில் முதல் வரி எழுதப்பட்டது. கவிஞர்கள் யாரும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததல்ல. தேடிச் சேகரித்தவர்கள் உருவாக்கிய புத்தகம். இனி வரும் எல்லா விளக்கத்துக்கும் இதுதான் திறவுகோல்.

[திரை: 371-ஆம் ஏடு, யோஹன்னஸ் ஹாட்லாபின் படம்.]

சேகரித்தவர்கள் யார்? சுவடிக்குள் அதைச் சொல்லும் குறிப்பு ஒன்றும் கிடையாது. மனெஸ்ஸே என்ற பெயர் வருவது ஒரு பாட்டிலிருந்து. சூரிக் கவிஞர் ஹாட்லாப், ரூடிகர் மனெஸ்ஸே என்ற நகரப் பெரியவரையும் அவர் மகன் யோஹன்னஸையும் புகழ்ந்து பாடுகிறார்: இவர்களிடம் இருப்பது போல இத்தனை பாட்டுகள் நாட்டில் வேறு எங்கே ஒன்றாகக் கிடைக்கும் என்று. அந்தப் பாட்டும் இதே சுவடியில் இருக்கிறது. ஹாட்லாப் பகுதியின் முதல் எழுத்துக்கு மட்டும் சிறப்பு அலங்காரமும் போட்டிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சூரிக் அறிஞர் போட்மர் அந்தப் பாட்டையும் இந்தச் சுவடியையும் முடிச்சுப் போட்டார், பெயர் நிலைத்துவிட்டது. மகன் 1297-இல், தந்தை 1304-இல் இறந்துவிட்டார்கள். சுவடி முடிந்ததை இருவரும் பார்க்கவில்லை. அவர்கள் சேர்த்து வைத்த பாடல் ஏடுகள் இதற்கு மூலமாக இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். அதற்கு மேல் போக வேண்டாம். ஆய்வாளர்கள் இந்தச் சுவடியை வெறுமனே 'சி' என்ற எழுத்தால் குறிப்பார்கள்.

[திரை: 6-ஆம் ஏடு. அரியணையில் பேரரசர் ஹைன்ரிஷ்.]

வரிசையைக் கவனியுங்கள். காலவரிசை இல்லை, அகரவரிசையும் இல்லை. பதவி வரிசை. முதலில் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ். பிறகு மன்னர்கள், பிரபுக்கள், கோமான்கள், கீழ்நிலைப் பிரபுக்கள், கடைசியில் பட்டமில்லாத பாடகர்கள். அதனால் வால்தர் போன்ற பெரிய கவிஞர் 124-ஆம் ஏட்டில்தான் வருகிறார்; முதல் இடத்தில் இருக்கும் பேரரசரின் பாடல்களோ சில மட்டுமே. இடையில் ஒருவர் பதவி பொருந்தாமல் வந்தால் குழம்ப வேண்டாம். சுவடி பல வருடம் ஒரே புத்தகமாகக் கட்டப்படாமல் தனித்தனிக் கட்டுகளாக இருந்தது. பிந்திக் கிடைத்த கவிஞர்களை இடம் இருந்த இடத்தில் செருகினார்கள். படங்களிலும் இது தெரியும்: 110 படங்கள் முதல் ஓவியரின் பட்டறையைச் சேர்ந்தவை, பின்னால் வந்த மூன்று ஓவியர்கள் முறையே 20, 4, 3 படங்கள் சேர்த்தார்கள்.

[திரை: மறுபடி வால்தர். குலச்சின்னம், தலைக்கவசம், வாள், சுருள் ஒவ்வொன்றாக ஒளிர்கிறது.]

இப்போது படத்தைப் படிப்போம். மேலே பெயர். ஒரு பக்கம் குலச்சின்னம் உள்ள கேடயம், மறுபக்கம் அலங்காரம் பொருத்திய தலைக்கவசம். நடுவில் கவிஞர்.

இது வால்தரின் முகம் அல்ல. அவரைப் பார்த்தவர் யாரும் அப்போது உயிரோடு இல்லை. ஓவியர் வரைந்தது அவருடைய பாட்டை. சுமார் 1198-இல் பாடப்பட்ட அந்த அரசியல் கவிதை இப்படித் தொடங்குகிறது: ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன், காலின் மேல் கால் போட்டேன், அதன் மேல் முழங்கையை ஊன்றினேன், முகவாயையும் ஒரு கன்னத்தையும் கைக்குள் வைத்துக்கொண்டேன். வரிக்கு வரி படத்தில் இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டில் உள்ள வைன்கார்ட்டன் பாடல் சுவடியிலும் வால்தர் இதே கோலத்தில்தான் இருக்கிறார். இரண்டுக்கும் பொதுவான பழைய மூலம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

கேடயத்தில் கூண்டுப் பறவை. 'ஃபோகல்' என்றால் பறவை. அவர் பெயரை வைத்தே ஒரு சின்னம் உருவாக்கிவிட்டார்கள். ஆகவே இந்தச் சுவடியின் குலச்சின்னங்களை வரலாற்று ஆதாரமாக எடுத்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்: சில உண்மையான குடும்பங்களுடையவை, சில கற்பனை. இன்னொரு சிக்கல், வெள்ளி. அது காலப்போக்கில் கறுக்கும். கேடயத்தில் கறுப்பாகவோ அழுக்குச் சாம்பலாகவோ தெரியும் இடம் முதலில் பளபளத்த வெள்ளியாக இருந்திருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்துச் 'கறுப்புச் சிங்கம்' என்று எழுதிவிடாதீர்கள்.

கையில் இருக்கும் நீளச் சுருளில் ஒன்றும் எழுதவில்லை. அழிந்துபோனதும் அல்ல. சுருள் இருந்தால் அங்கே பேச்சோ பாட்டோ நடக்கிறது என்று பொருள்; சுவடி முழுக்கப் பெரும்பாலான சுருள்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

[திரை: மூன்று படங்கள் வேகமாக: கூடையில் மேலே இழுக்கப்படும் காதலர், பூவிதழ் மிதக்கும் தொட்டியில் குளிப்பவர், இசைக்கலைஞர்கள் மேல் உயர்ந்த இருக்கையில் கவிஞர் ஃப்ரவன்லோப்.]

கிறிஸ்டான் ஃபொன் ஹாம்லேயைக் கூடையில் வைத்து, ஒரு பெண் ராட்டினத்தைச் சுற்றி மாடிக்கு இழுக்கிறாள். யாகோப் ஃபொன் வார்ட்ட குளிக்கிறார், பெண்கள் உபசரிக்கிறார்கள். ரசிக்கலாம், தப்பில்லை. இவை அந்தக் கவிஞர்கள் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

[திரை: பாடல் பக்கம். இரண்டு பத்திகள், இடையில் சிவப்பு, நீல முதலெழுத்துகள்.]

சரி, ஏட்டைத் திருப்பிவிட்டோம். பெரும்பாலானவர்கள் விட்டுப்போகிற இடம் இதுதான், ஏனென்றால் கவிதை மாதிரியே தெரியாது. இரண்டு பத்தியாக, உரைநடை போல, இடைவெளியில்லாமல் ஓடுகிறது. தோல் விலை உயர்ந்தது; அடிக்கு ஒரு வரி என்று விட்டால் பக்கம் வீணாகும். அதனால் அடி முடியும் இடத்தில் சின்னப் புள்ளி. அவ்வளவுதான்.

பெரிய முதலெழுத்து வந்தால் புதிய செய்யுள் தொடங்குகிறது. எழுத்தின் நிறம்தான் முக்கியம். ஒரே யாப்பில், ஒரே மெட்டில் அமைந்த செய்யுள்கள் தொடரும் வரை எல்லா முதலெழுத்தும் நீலம் என்றால் நீலமாகவே இருக்கும். யாப்பு மாறினால் சிவப்பு. மறுபடி மாறினால் நீலம். இந்த யாப்பும் மெட்டும் சேர்ந்த அமைப்பை ஜெர்மானியர்கள் 'டோன்' என்கிறார்கள். ஒரு நிறம் என்றால் ஒரு பாட்டு என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. காதல் பாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான் அமையும். ஆனால் அரசியல், அறிவுரை வகைச் செய்யுள்களில் ஒரே டோனில் பல வருட இடைவெளியில் பாடிய, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்யுள்கள் அடுத்தடுத்து நிற்கும்.

[திரை: வால்தரின் 'லிண்டன் மரத்தடியில்' பாடல். புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

ஒரு செய்யுளைக் கையோடு பிரித்துப் பார்ப்போம். நான்கு செய்யுள் கொண்ட பாட்டு இது. முதல் செய்யுளின் பொருள்: லிண்டன் மரத்தடியில், வெளியோரம், எங்கள் இருவர் படுக்கை இருந்த இடத்தில், பூவும் புல்லும் அழகாய் ஒடிந்து கிடப்பதை நீங்கள் பார்க்கலாம். காட்டுக்கு முன்னே ஒரு பள்ளத்தாக்கில், டாண்டராடாய், இனிமையாய்ப் பாடியது நைட்டிங்கேல்.

புள்ளி புள்ளியாக வெட்டினால் ஒன்பது அடி. இயைபைப் பாருங்கள்: 'லிண்டன்' என்று முடியும் முதல் அடிக்கு நான்காம் அடியில் 'ஃபிண்டன்'. 'ஹெய்ட'வுக்கு 'பெய்ட'. 'வஸ்'ஸுக்கு 'க்ரஸ்'. மூன்று அடி, அதே அச்சில் இன்னொரு மூன்று அடி. பிறகு அமைப்பு மாறி மூன்று அடி: 'டல்', அதற்கு இயைபு 'நஹ்டெகல்', நடுவில் எதோடும் சேராத 'டாண்டராடாய்'. முதல் இரண்டு பகுதிக்கும் ஒரே இசை, மூன்றாவதற்கு வேறு இசை. இந்தச் சுவடியின் காதல் பாடல்களில் மிகப் பெரும்பகுதி இந்த மூன்று பகுதி அமைப்பில்தான் இருக்கிறது.

சில இடத்தில் புள்ளி விட்டுப்போயிருக்கும், அல்லது தேவையில்லாத இடத்தில் விழுந்திருக்கும். அப்போது ஒரே செய்யுளை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதே நிறத்தில் அடுத்து வரும் செய்யுளின் அடிகளை எண்ணுங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். எழுத்தில் தடுமாற்றம் வரும் இடங்கள் இரண்டு: நீள 's' எழுத்து 'f' போலத் தெரியும், உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அங்கே ஒரு 'n' அல்லது 'm' சுருக்கப்பட்டிருக்கிறது. அச்சுப் பதிப்புகள் எழுத்துக்கூட்டலைச் சீர்செய்து கொடுப்பதால், ஏட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாது.

[திரை: பாதி வெறுமையாக நிற்கும் பத்தி.]

இந்த வெற்றிடம் தணிக்கையோ அழித்த தடமோ அல்ல. ஒரு கவிஞரின் பாட்டு இன்னும் கிடைக்கலாம் என்று விட்டு வைத்த இடம். சுவடி முழுக்க இப்படி இருக்கிறது. சேகரிப்பவர்களுக்கு வேலை முடியவே இல்லை.

சேகரிப்பில் இன்னொரு பிரச்சினை, எந்தப் பாட்டு யாருடையது என்பது. ஹைடல்பெர்க்கிலேயே இதைவிடப் பழைய, படமில்லாத சின்னச் சுவடி ஒன்று இருக்கிறது, அது 'ஏ'. வைன்கார்ட்டன் சுவடி 'பி'. ஒரே செய்யுள் 'ஏ'யில் ஒருவர் பெயரிலும் 'சி'யில் இன்னொருவர் பெயரிலும் வரும். வால்தருக்கு 'சி' 440-க்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொடுக்கிறது, மற்ற இரண்டையும் விட மிக அதிகம். அதிகம் இருப்பதாலேயே எல்லாம் அவருடையது என்று ஆகிவிடாது. சில கவிஞர்களுக்கோ ஒப்பிட வேறு சுவடியே கிடையாது; 'சி' தொலைந்திருந்தால் அவர்களும் தொலைந்திருப்பார்கள்.

[திரை: யேனா சுவடியின் இசைக்குறிப்புப் பக்கம்.]

இசை? 'சி'யில் ஒரு சுரம்கூட இல்லை. இசைக்குழுக்கள் 'மனெஸ்ஸே பாடல்' என்று பாடுவதன் மெட்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. யேனா பாடல் சுவடியில் 91 மெட்டுகள் உண்டு. வால்தரின் பாலஸ்தீனப் பாடலின் மெட்டு, மூன்ஸ்டரில் கிடைத்த ஒரு துண்டு ஏட்டிலிருந்து. மற்றவற்றில் பல, அதே யாப்பில் உள்ள பிரெஞ்சுப் பாட்டின் மெட்டை எடுத்துப் பொருத்தியவை. கேட்க நன்றாக இருக்கும். சான்று என்று சொல்லும்போது கவனம்.

[திரை: வரைபடம். சூரிக், ஃபோர்ஸ்டெக், ஹைடல்பெர்க், பாரிஸ், மீண்டும் ஹைடல்பெர்க்.]

சுவடி அலைந்த கதை பெரியது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோஹென்ஸாக்ஸ் பிரபுவின் ஃபோர்ஸ்டெக் கோட்டையில் இருந்தது. 1607-இல் ஹைடல்பெர்க் அரசவைக்கு வந்தது. 1622-இல் நகரம் வீழ்ந்து, அதன் நூலகம் முழுக்க ரோமுக்குப் போனபோது, இந்த ஒன்று அந்த மூட்டைகளில் இல்லை. நாடு கடந்த அரச குடும்பம் எடுத்துச் சென்றிருக்க வேண்டும். 1657-இல் பாரிஸ் அரச நூலகத்தில் காணப்படுகிறது. அங்கேயே 230 வருடம்.

திரும்பி வந்தது பண்டமாற்றில். பிரெஞ்சு நூலகங்களிலிருந்து திருடப்பட்ட சுவடிகள் இங்கிலாந்தில் ஆஷ்பர்ன்ஹாம் பிரபுவிடம் விற்கப்பட்டிருந்தன. பிரான்சுக்கு அவை வேண்டும். ஷ்ட்ராஸ்பர்க் புத்தக வியாபாரி கார்ல் இக்னாட்ஸ் ட்ரூப்னர் அவற்றில் 166-ஐ வாங்கி, பாரிஸிடம் கொடுத்து, பதிலுக்கு மனெஸ்ஸேயையும் ஒரு தொகையையும் பெற்றார். ஜெர்மன் பேரரசின் நிதியிலிருந்து 4,00,000 மார்க் ஒதுக்கப்பட்டது. 1888-இல் சுவடி ஹைடல்பெர்க் வந்தது. 2023-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது.

[திரை: நூலகத்தின் இணையப் பக்கம், ஏட்டு எண் கட்டத்தில் நெருக்கம்.]

மொத்தச் சுவடியும் நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 'கோடெக்ஸ் பாலட்டினுஸ் கெர்மானிக்குஸ் 848' என்பது அதன் எண். ஏட்டு எண்ணுக்குப் பின் 'ஆர்' வந்தால் முன்பக்கம், 'வி' வந்தால் பின்பக்கம். பழகுவதற்கு வால்தரைவிட 63-ஆம் ஏடு வசதி: க்யூரன்பெர்க் என்பவர், 15 செய்யுள் மட்டும், அதில் புகழ்பெற்ற வல்லூறுப் பாட்டும் உண்டு. எங்காவது பகிர்ந்தால் ஏட்டு எண்ணையும் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். 'மனெஸ்ஸேயிலிருந்து' என்று மட்டும் போட்டால், பார்ப்பவர் 426 ஏட்டையும் புரட்ட வேண்டியிருக்கும்.