ஆய்வுகூட அறிக்கையை எப்போது நம்பலாம்?

அன்பார்ந்த வானொலி நேயர்களே, வணக்கம்.

நாம் உண்ணும் உணவிலும் குடிக்கும் நீரிலும் கலந்துவிடக்கூடிய மாசுகளையும், வேண்டுமென்றே சேர்க்கப்படும் சேர்பொருட்களையும் ஆய்வுகூடங்கள் எவ்வாறு அளக்கின்றன, அந்த அளவீட்டை எப்போது நம்பலாம் என்பது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். இரசாயனப் பகுப்பாய்வைத் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் அச்சாகியிருக்கும் எண் எத்தனை தசமதானம் கொண்டதாக இருந்தாலும், மாதிரியை யார் எடுத்தார், எத்தனை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார், எந்த முறையில் அளந்தார்கள், அளந்தது சரிதானா என்பதை எதைக் கொண்டு உறுதிசெய்தார்கள் என்பன தெரியாதவரை அந்த எண்ணை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கவும் முடியாது, ஓர் உணவைப் பாதுகாப்பானது என்று சொல்லவும் முடியாது.

நமது மட்டக்களப்புத் தயிரையே எடுத்துக்கொள்வோம். மண்சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிரை வாங்குவதற்கென்றே வழியில் வாகனத்தை நிறுத்தி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தயிரில், பழுதடையாமல் காப்பதற்கான பென்சோயிக் அமிலம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஓர் ஆய்வுகூடத்திடம் கேட்டால், இன்றைய நுண்மையான கருவி ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத தயிரிலும் அந்த அமிலத்தைக் காட்டும். பாலில் இயல்பாகவே ஹிப்பூரிக் அமிலம் சிறிதளவு இருக்கிறது. பாலைத் தயிராக்கும் பற்றீரியாக்கள் அதைப் பென்சோயிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அவ்வாறு தானாக உண்டாகும் அளவு, கிலோகிராம் ஒன்றுக்குச் சில பத்து மில்லிகிராம்களுக்குள் அடங்கிவிடுவதே வழக்கம். பழுதைத் தடுக்கும் நோக்கத்தோடு சேர்ப்பவரோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம்களைச் சேர்ப்பார். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அளவு மட்டுமே. அளவை எழுதாமல் "பென்சோயிக் அமிலம் கண்டறியப்பட்டது" என்று மட்டும் ஓர் அறிக்கை எழுதப்படுமானால், கருவி பிழை செய்யாவிட்டாலும் அறிக்கை பிழையானதே; வாகரைப் பக்கத்திலோ புணானைப் பக்கத்திலோ பரம்பரையாகப் பட்டி வைத்துப் பால் கறக்கும் ஒரு குடும்பத்தின் வருமானம் அந்த ஒரு சொல்லினால் அழிந்துபோகலாம். ஆகவே, இயற்கையில் எவ்வளவு இருக்கும் என்று அறியாத பகுப்பாய்வாளரின் கையில் நல்ல கருவியும் ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன்.

மீன் பழுதடையாமலிருக்க, போமல்டிகைட்டின் கரைசலான போமலினை அதில் கலக்கிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அங்கும் இதே நியாயம்தான். கடல் மீனின் தசையில் இயல்பாக உள்ள ஒரு சேர்வை, மீன் இறந்த பின் சிதைந்து சிறிதளவு போமல்டிகைட்டைத் தானே உண்டாக்கும். எனவே, தாளை நனைத்து நிறம் பார்க்கும் சந்தைப் பரிசோதனை சந்தேகத்தை எழுப்புவதற்கு உதவுமே தவிரத் தண்டிப்பதற்கு உதவாது.

மீனைப் பொறுத்தவரை போமலினைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஹிஸ்ரமின். சூரை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் போதிய ஐஸ் போடாமல் வெயிலில் விட்டால், பற்றீரியாக்கள் மீன் தசையிலுள்ள ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்ரமினாக மாற்றுகின்றன. அதை உண்டவருக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்ரமினை எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் அழிக்க முடியாது. மணத்தை வைத்தும் அதை உறுதியாகக் கண்டுகொள்ள முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே தொகுதியில் ஒரு மீனில் நிறையவும் பக்கத்து மீனில் சொற்பமாகவும் அது இருக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தொகுதியிலிருந்து 9 மாதிரிகளை எடுத்து அளக்குமாறு கோருகிறது. அவற்றின் சராசரி கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு மாதிரியும் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏற்றுமதிக்குப் போகும் மீனுக்கு இத்தனை கவனம் கிடைக்கிறது. கல்முனைச் சந்தையில் நாம் வாங்கும் மீனுக்கும் அதில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டாமா என்ற கேள்வி என்னை விட்டு அகன்றதில்லை.

மாதிரி எடுப்பது என்ற வேலையைப் பலர் சிறிய வேலை என்று நினைக்கிறார்கள். அம்பாறையில் நெல் வாங்கும் வியாபாரி மூட்டையின் வாயை மட்டும் அவிழ்த்துப் பார்த்து விலை பேசமாட்டார். பல மூட்டைகளில் குத்தூசியைச் செலுத்தி உள்ளிருக்கும் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். உணவுப் பகுப்பாய்விலும் அதுவே தொடக்கம். கச்சானிலும் சோளத்திலும் கொப்பறாவிலும் பூஞ்சணம் பிடிக்கும்போது உண்டாகும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு, ஈரல் புற்றுநோயை உண்டாக்குவது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. அது ஒரு சாக்குக் கச்சானில் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, பூஞ்சணம் பிடித்த ஒரு சில பருப்புகளிலேயே நஞ்சு முழுவதும் செறிந்திருக்கும். ஒரு பிடி கச்சானை உறையில் போட்டு அனுப்பினால், அந்தச் சில பருப்புகள் அதில் அகப்படாமற்போகவே வாய்ப்பு அதிகம்; அறிக்கையும் நல்லதாகவே வரும். பெரிய தொகுதி ஒன்றுக்கு நூறு இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து 20 கிலோகிராம் வரை திரட்டி, அரைத்துக் கலந்த பிறகே அளக்க வேண்டும் என்று சில நாடுகளின் விதிகள் சொல்வது இதனாற்றான். 2021 மார்ச் மாதத்தில், புத்தாண்டுப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் வேளையில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் கண்டறியப்பட்ட செய்தி நாட்டையே கலக்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். அன்று எங்கும் கேட்ட கேள்வி, எந்தக் கம்பனி என்பதே. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எத்தனை தடவை அளக்கப்பட்டது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

மாதிரி ஆய்வுகூடத்துக்குள் வந்த பின் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். அரைத்த கச்சான் மாவிலிருந்து நஞ்சைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, கழியூதா ஒளியில் அது நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்வதைக் கருவி அளக்கிறது. நல்ல பகுப்பாய்வாளர் உங்களுடைய மாதிரியை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடமாட்டார். மாதிரியே இல்லாமல், கரைப்பானையும் பாத்திரங்களையும் மட்டும் வைத்து அதே வேலையை முழுவதும் செய்து, கருவி வெறுமை காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு, நஞ்சில்லாத மாவில் தெரிந்த அளவு அஃப்ளாடொக்சினைத் தானே சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பார். பத்துப் பங்கு சேர்த்து ஆறு பங்குதான் திரும்பி வந்தால், அன்றைய அளவீடுகள் அனைத்தும் உண்மையைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன என்று பொருள். இவ்வளவு நுண்ணிய அளவுகளில் 70 முதல் 110 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தால் ஏற்கத்தக்கது. அதற்குக் கீழே விழுந்தால் அன்றைய அறிக்கையை வெளியே விடக் கூடாது. இந்த வேலைகளுக்கு நேரமும் செலவாகும், பணமும் செலவாகும். மலிவாகவும் உடனடியாகவும் செய்து தருகிறோம் என்பவர்கள் முதலில் கைவிடுவது இவற்றையே.

எந்த முறையில் அளப்பது என்பதில் பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதை 2008 ஆம் ஆண்டு சீனாவில் உலகம் கண்டது. பாலின் புரதத்தை நேரடியாக அளக்காமல், அதிலுள்ள நைதரசனை அளந்து புரதமாகக் கணக்கிடுவது நெடுங்காலமாக இருந்துவரும் முறை. தண்ணீர் கலந்த பாலில், நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசனே உள்ள மெலமின் என்ற பொருளைச் சேர்த்தவர்கள் அந்தப் பரிசோதனையில் தேறிவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தன. இதற்கு நேர்மாறான ஒன்று 2013 இல் நியூசிலாந்தில் நடந்தது. நாம் பால்மா இறக்குமதி செய்யும் அதே நாட்டில், மோர்ப்புரதத்தில் உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா இருப்பதாக அறிவிக்கப்பட்டுப் பல நாடுகளில் பொருட்கள் மீளப்பெறப்பட்டன. சில வாரங்களின் பின், அது அந்த வகையைச் சேர்ந்த தீங்கற்ற இன்னொரு பற்றீரியா என்று தெளிவாயிற்று. முதற் பரிசோதனையைச் செய்த ஆய்வுகூடம், அந்தக் குறிப்பிட்ட பரிசோதனையைச் சரியாகச் செய்யும் திறன் உண்டு என்பதற்கான தராதர அங்கீகாரத்தைப் பெற்றிருக்கவில்லை.

இனி, நமது கிணறுகளுக்கு வருவோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நமது மணற்பாங்கான எழுவான்கரையில், நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கிறது. மேலே இடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் அதே நீரை எளிதாகச் சென்றடைகின்றன. அதனால் வரும் நைத்திரேற்று, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே ஒழிய நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது நமது நாட்டின் கட்டளை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் குழந்தை உள்ள வீட்டார் அவசியம் கவனிக்க வேண்டும். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றின் முழு நிறையையும் எழுதுகின்றன. சில, அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதுகின்றன. நைதரசனாக எழுதப்பட்ட 12 என்ற எண் ஏறத்தாழ 53 மில்லிகிராம் நைத்திரேற்றுக்குச் சமம்; அதாவது எல்லையைத் தாண்டிய நீர். அதை 50 என்ற எல்லையோடு நேரடியாக ஒப்பிட்டு, "பன்னிரண்டுதானே" என்று நிம்மதியடையும் தாய் ஒருத்தி அந்த நீரிலேயே பால்மாவைக் கரைத்துக் கொடுப்பாள். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கான நீரை வெற்றுச் சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை. ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தவரை ஆறு மணி நேரத்துக்குள்ளும் எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும் பரிசோதனை தொடங்குமாறு கொண்டு சேர்க்க வேண்டும். தாமதமானால் சில கிருமிகள் இறந்துபோகும், சில பெருகும்; அறிக்கை கிணற்றின் நிலையைச் சொல்லாமல் பயணத்தின் நிலையைச் சொல்லும்.

இந்த இடத்தில்தான் நமது கிழக்கு மாகாணத்தின் குறை எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கும் மாதிரியை, அச்சட்டத்தின்படி ஏற்கப்பட்ட பகுப்பாய்வாளரே பரிசோதித்துச் சான்று வழங்க வேண்டும். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் இருப்பது பத்தரமுல்லையில், மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது பொரளையில். இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, நாடு முழுவதிலுமிருந்து வரும் மாதிரிகளுடன் வரிசையில் நிற்கும் ஒரு சட்டித் தயிரைப் பற்றிய முடிவு வரும்போது, அதே பாலில் உறைந்த மற்றத் தயிரெல்லாம் எப்போதோ உண்டு முடிந்திருக்கும். இதற்காக அந்தப் பகுப்பாய்வாளர்களையோ நமது பரிசோதகர்களையோ நான் குறை கூறவில்லை.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. நமது பிள்ளைகள் அங்கே இரசாயனம் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். ஆய்வுகூடங்களுக்குத் தராதர அங்கீகாரம் வழங்கும் சபையொன்றும் 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தினால் நமது நாட்டில் அமைக்கப்பட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேச நியமத்தின்படி வழங்கப்படும் இந்த அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே கிடைப்பது என்பதால், எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. கிணற்று நீரில் நைத்திரேற்று, நீரில் மலக்கிருமி, மீனில் ஹிஸ்ரமின், கச்சானிலும் சோளத்திலும் அஃப்ளாடொக்சின் ஆகிய நான்கை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அங்கீகாரம் பெற்று, சட்டம் ஏற்கும் பகுப்பாய்வாளரையும் நியமித்தால் நமது தேவையின் பெரும்பகுதி தீரும் என்பது என் துணிபு. கருவி வாங்கக் கொடையாளர்கள் கிடைப்பார்கள், திறப்பு விழாவும் நடக்கும். அதன் பின் ஆண்டுதோறும் வேண்டியவை வேறு: தூய கரைப்பான், அளவு தெரிந்த நியம மாதிரி, கருவியைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தம், தடைப்படாத மின்சாரம், இரண்டு வருடத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விடாத பயிற்சி பெற்ற ஊழியர். மாகாண சுகாதாரத் திணைக்களமும் உள்ளூராட்சி மன்றங்களும் பல்கலைக்கழகங்களும் ஒன்றாக அமர்ந்து, கருவியின் விலையைப் பேசுவதற்கு முன் இந்த வருடாந்தச் செலவை யார் ஏற்பது என்பதை எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். அது நடந்தால், அக்கரைப்பற்றில் காலையில் எடுக்கும் நீர் மாதிரி மதியத்துக்கு முன் சம்மாந்துறையில் பரிசோதனைக்கு எடுக்கப்படும், மூன்றாம் நாள் முடிவு சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.